அளாப்பாத கை

முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கலந்தருடைய கொமினிகேசன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, போனுக்குக் காசு ரீலோட், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம், வெளிநாடு போகிறவர்களின் சுயவிபரம், எல்லாம் அங்கே நடக்கும். அந்தக் கடையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கும் றஞ்சனியைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. இங்கிலீசில் வந்ததை வாசித்துக் காட்டி, "இதில கையெழுத்து வையுங்கோ, இதில வைக்காதேங்கோ" என்று அவள் சொன்னால் சனம் மறுபேச்சில்லாமல் கேட்கும். அப்படிப்பட்டவளை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓர் இயந்திரம் கள்ளி என்று சொல்லிவிட்டது.

செய்தி போனில்தான் வந்தது. உங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டிருக்கிறது, அனுமதியில்லாத கருவியைப் பாவித்து விளையாடியதே காரணம் என்று இரண்டு வரி. வேறு யாருக்கோ வந்தது தன் போனுக்கு மாறி வந்துவிட்டதாக்கும் என்றுதான் றஞ்சனி முதலில் நினைத்தாள். விளையாட்டைத் திறந்து பார்த்தாள். அவளுடைய பெயரும் இல்லை, வென்ற ஆட்டங்களின் விபரமும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பூட்டு மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்ரனிஸ்லஸ் அழைத்தான். அவனுடைய கணக்கையும் பூட்டிவிட்டார்கள்.

அந்த விளையாட்டுக்கு நீளமான இங்கிலீசுப் பெயர் ஒன்று உண்டு. முல்லைத்தீவில் எல்லாரும் 'தீவு' என்றே சொன்னார்கள். ஆளில்லாத தீவொன்றில் குழுக்கள் பரசூட்டில் வந்து இறங்கும். குழுவுக்கு நான்கு பேர். ஒருவரையொருவர் தேடிச் சுட்டு, கடைசியாக மிஞ்சி நிற்கும் குழு வென்றது. விளையாடுகிறவர்கள் எந்தெந்த ஊரிலோ, நாட்டிலோ இருப்பார்கள்; அவரவர் கையில் ஒரு போன், அவ்வளவுதான். றஞ்சனியின் குழுவில் கலந்தரின் மகன் அர்ஷாக், அவளுடைய பெரியம்மாவின் மகன் ஸ்ரனிஸ்லஸ், மல்லாவியிலிருந்து பரமேஸ்வரன் என்று மற்ற மூவர். சிலாவத்தைக் கடற்கரையில் ஸ்ரனிஸ்லசின் தகப்பன் வலைகளை வைத்துத் தங்கும் வாடியில் சிக்னல் நன்றாக இழுக்கும். அங்கே இருந்து பழகியதால் குழுவுக்கும் 'வாடி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்த வருட அகில இலங்கைப் போட்டியில் 'வாடி' வடக்கு மாகாணச் சுற்றை வென்றிருந்தது. அடுத்த சுற்றும் கிடைத்தால் கொழும்பு. அந்தச் சுற்று நெருங்கி வரும்போதுதான் இந்தப் பூட்டு விழுந்தது.

றஞ்சனியின் இடது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. நடுவிலிருந்த மூன்றும், அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, முள்ளிவாய்க்காலில் போயின. அந்தக் கதையை அவள் யாருக்கும் சொல்வதில்லை. வெளியில் போனால் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொள்வாள். கடையில் யாராவது புதிதாக வந்து கையையே பார்த்துக்கொண்டு நின்றால், "கொப்பி எத்தினை வேணும்?" என்று கேட்டு அவர்களின் கண்ணை மேலே எடுப்பாள்.

கடையில் ஆளில்லாத நேரத்தில் அர்ஷாக் தீவு விளையாடுவான். ஒருநாள் அவள், தந்து பார் என்று போனை வாங்கினாள். எல்லாரும் போனை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் விளையாடுவார்கள். அவளுக்குப் பிடி நிற்கவில்லை; போன் நழுவி மடியில் விழுந்தது. அர்ஷாக் சிரிக்கவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. மேசையில் வைத்து அடித்துப் பார் என்றான். அவள் போனைச் சாய்வாக ஒரு ஸ்டாண்டில் வைத்தாள். இடது உள்ளங்கையின் விளிம்பால் திரையின் மூலையை அழுத்தி நடக்கப் பழகினாள், பிறகு ஓடப் பழகினாள். வலது கையில் சுட்டுவிரல் குறி பார்த்தது, நடுவிரல் சுட்டது, மோதிரவிரல் குனியவும் படுக்கவும் வைத்தது. மற்றவர்களின் ஒரு பெருவிரல் ஓடி ஓடிச் செய்கிற வேலையை அவளுக்கு மூன்று விரல்கள் பங்கு போட்டுச் செய்தன. கைவந்த பிறகு அவளுடைய குறி ஆடாமல் அசையாமல் நின்றது. மாவட்டத்தில் அவளை நேருக்கு நேர் சந்திக்க விரும்பியவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

தாய் புனிதமலருக்கு இது பிடிக்கவே இல்லை. வெடிச்சத்தத்துக்குள்ளே வளர்ந்த பிள்ளை, டேட்டாவுக்குக் காசு கொடுத்து அதே சத்தத்தைக் கேட்கிறதே என்று அவா கோயிலில்கூடச் சொல்லிக் குறைப்பட்டா. ஏன் இதை விளையாடுகிறாய் என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் றஞ்சனியிடம் ஒரே பதில்தான் இருந்தது. "எனக்கு விருப்பம்." அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது.

அளாப்பிகளை அவளுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. விளையாட்டில் கள்ளம் செய்வதை வன்னியில் அளாப்பு என்பார்கள். ஒளித்துப் பிடிக்கிற விளையாட்டில் விரலிடுக்கால் பார்ப்பதும் அளாப்புத்தான். தீவில் அது பெரிய தொழிலாக இருந்தது. சுவருக்குப் பின்னால் நிற்கும் ஆளைக் காட்டுகிற கள்ள அப் ஒன்று, சுடும்போது குறியைத் தானாக எதிரியின் தலைக்கு இழுத்துக் கொண்டுபோகிற அப் இன்னொன்று. றஞ்சனி அப்படியானவர்களைப் பதிவு செய்து கம்பனிக்கு அனுப்பிக்கொண்டே இருப்பாள். ஒருவரைப் பிடித்தால் பத்துப் பேர் புதுப் பெயரில் வருவார்கள். அதனால், இனிமேல் இதை இயந்திரம் பார்க்கும், விளையாடுகிறவர்களின் ஒவ்வொரு தொடுகையையும் படித்துக் கள்ளரைத் தானே பிடிக்கும் என்று கம்பனி அறிவித்தபோது குழுவில் எல்லாரையும்விடச் சந்தோசப்பட்டவள் அவள்தான். இனி அளாப்பிறவன் தப்பேலாது என்று வாடியில் இருந்து சொன்னவளும் அவள்தான்.

பூட்டு விழுந்த செய்தி பேஸ்புக்கில் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. மாகாணச் சுற்றில் அவர்களிடம் தோற்ற குழு ஒன்று, வடக்குச் சம்பியனின் வண்டவாளத்தைப் பாருங்கள் என்று எழுதியது. கீழே நூற்றுக்கணக்கான சிரிப்புகள். ரீலோட் போட வந்த இளந்தாரி ஒருவன், எந்த அப் பாவிச்சனீங்கள் அக்கா என்று இளித்துக்கொண்டு கேட்டான். றஞ்சனி ரீலோட்டைப் போட்டு, மிச்சக் காசை மேசையில் வைத்துவிட்டு, அவன் போகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பனிக்கு மேன்முறையீடு அனுப்பினாள். உடனே பதில் வந்தது: பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. இன்னொரு முறை எழுதினாள். எழுத்துப் பிசகாமல் அதே பதில். மனிதர் யாரும் அதைப் படிக்கவில்லை என்பது தெரிந்துபோயிற்று. என் உம்மாவின் பெயரில் புதுக் கணக்குத் திறந்து தருகிறேன், யாருக்கும் தெரியாது என்றான் அர்ஷாக். ஸ்ரனிஸ்லசும் அதையே சொன்னான். கொஞ்சம் அவசரமாகவே சொன்னான்.

"என்ர பேரில கள்ளி எண்டு எழுதி வைச்சிருக்கினம்," என்றாள் றஞ்சனி. "அதை அப்பிடியே விட்டிட்டு வேற பேரில நான் ஒளிச்சுப் போகவோ? அதுதான் கள்ளி செய்யிற வேலை."

வீட்டில் தகப்பன் மரியநேசன் இரண்டு நாளாக இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். கடலில் வெளிச்சம் பாய்ச்சி மீனைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகிறவர்களோடு சண்டை பிடித்தே கிழடாகிப்போன மனிதர். போன் விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

"நீ செய்தனியோ?"

"இல்லை அப்பா."

"அப்ப ஏன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாய்?"

அவ்வளவுதான் கேட்டார். அடுத்த நாள் மதியம், கடையை அரைக்கதவில் சாத்திவிட்டு, றஞ்சனி சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். இடது கையை மேசை மேல் வெளிச்சத்தில் வைத்தாள். அவனுடைய போனால் அதை மேலே இருந்து படம் பிடிக்கச் சொன்னபோது அர்ஷாக், உண்மையாகவோ என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். புதிதாக ஒரு பயிற்சிக் கணக்கைத் தன் சொந்தப் பெயரிலேயே திறந்து, ஒரு முழு ஆட்டத்தையும் விளையாடினாள். கையும் திரையும் ஒன்றாகத் தெரிந்தன. ஆட்டம் முடிந்ததும் கமராவைப் பார்த்துப் பேசினாள். இதுதான் அந்த அனுமதியில்லாத கருவி, இதை இனிக் கழற்றி வைக்க ஏலாது என்றாள். என்னுடைய அண்ணா ஸ்ரனிஸ்லசும் அளாப்பவில்லை, எங்கள் இரண்டு பேரின் பெயரையும் சுத்தம் செய்து தாருங்கள் என்றாள். வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பேஸ்புக்கில் போட்டாள்.

பரிதாபப்பட்டவர்கள் பாதி, இதுவும் நடிப்பு என்றவர்கள் மீதி. இரண்டையும் அவள் வாசித்தாள், எதற்கும் பதில் எழுதவில்லை. ஆனால் படம் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. அந்தக் கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். பெயர் ஸாஜிதா. வவுனியாவைச் சேர்ந்தவள், கம்பனியின் கொழும்புக் கிளையில் அந்த இயந்திரத்தைப் பழக்குகிற குழுவில் வேலை செய்கிறாள். இது கம்பனி சார்பான அழைப்பு இல்லை, படத்தைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை என்றாள்.

மெஷின் என்னத்தைப் பார்த்து என்னைக் கள்ளி என்றது என்று றஞ்சனி நேரே கேட்டாள். ஸாஜிதா சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"நாங்கள் அதுக்கு விதி ஒண்டும் சொல்லிக்குடுக்கேல்லை, றஞ்சனி. நேர்மையா விளையாடின லட்சக்கணக்கான ஆக்களின்ர தொடுகையைக் காட்டினம். பிடிபட்ட கள்ளரின்ர தொடுகையையும் காட்டினம். புதுசா ஒரு ஆள் வந்தா, இவர் எந்தப் பக்கத்து ஆக்களைப்போல எண்டு அது ஒப்பிட்டுச் சொல்லும். மனுசரின்ர பெருவிரல் கொஞ்சம் நடுங்கும், வழுக்கும். கள்ளர் தங்களுக்குப் பதிலா அழுத்தட்டும் எண்டு போனில பூட்டுற கருவி அகலமா, ஆடாமல் அழுத்தும். உங்கட உள்ளங்கையும் அகலமா, ஆடாமல் அழுத்துது. உங்களைப்போல ஒரு கையை அது ஒருநாளும் கண்டதில்லை."

"நீங்கள் காட்டேல்லை."

"ஓம்," என்றாள் ஸாஜிதா. "நாங்கள் காட்டேல்லை."

இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்றாள். படத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி மெஷின் சொன்னது பிழை. மற்றவரைப் பற்றிச் சொன்னது பிழை இல்லை. சுவருக்குப் பின்னால் நிற்கிற ஆட்களை, தெரிய முதலே அவருடைய குறி பின்தொடர்ந்து போகிறது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, மாகாணச் சுற்று முழுக்க. நானே இருந்து பார்த்தேன்.

றஞ்சனி நம்பவில்லை. உங்கள் மெஷின் ஒரு பிழையை மறைக்க இன்னொரு பிழை சொல்லுகிறது என்று சத்தம் வைத்தாள். போனை வைத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. ஆனால் மாகாணச் சுற்றின் பதிவு அவளிடம் இருந்தது. கடையிலிருந்தே அதைப் போட்டுப் பார்த்தாள். கல்வீடு ஒன்றைச் சுற்றி நால்வரும் பதுங்கியிருந்த கட்டத்தில், ஸ்ரனிஸ்லசின் துவக்கு வெறுஞ்சுவரில் மெதுவாக இடமிருந்து வலமாக நகர்ந்தது. சுவர் முடிகிற இடத்தில் ஒரு எதிரி தலையை நீட்டினான், செத்தான். அன்றைக்கு அதைக் கண்டு எல்லாரும் கைதட்டியிருந்தார்கள். அவளும்தான்.

ஸ்ரனிஸ்லஸ் கடற்கரையில் படகின் வெளிஎஞ்சினைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தான். றஞ்சனி மணலில் குந்தி, எவ்வளவு காலமாக அண்ணா என்று கேட்டாள். அவன் எதை என்று கேட்கவில்லை. எஞ்சின் எண்ணெயைத் துணியில் துடைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

போன வருடம் முதல் சுற்றிலேயே தோற்றுப் போனோமே, அதற்குப் பிறகுதான் என்றான். குறியை இழுக்கிற அப்பை நான் தொடவில்லை, சுவரை மட்டும்தான் பார்த்தேன் என்றான். கொழும்பில், இந்தியாவில் இருக்கிறவர்களிடம் நல்ல போன், நல்ல இணையம்; எங்களுக்கு மழை தூறினால் சிக்னல் போய்விடும்; அதைச் சமப்படுத்தத்தானே செய்தேன் என்றான்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ விடுவியோ?"

"மாட்டன்."

"அதுதான்."

றஞ்சனி எழும்பி மணலைத் தட்டினாள். நீயே எழுதிப்போடு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றாள். அவன் மாட்டேன் என்றான். ஊரெல்லாம் முகத்தில் காறித் துப்பும், தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற நேரம், நீ இதைக் கிளறாதே என்றான். உன் பெயரை மட்டும் சுத்தம் செய்துகொண்டு போ, என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடு என்றான். அவன் கேட்டதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்பதுதான் அவளை உறுத்தியது. ஆனால் அவனுக்காக அவள் ஊர் அறியப் பேசியிருந்தாள். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும்வரை, தன் கையைக் காட்டிச் சொன்ன உண்மையும் அதோடு சேர்ந்து பொய்யாகவே கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று பின்னேரமே பேஸ்புக்கில் அந்தப் படத்துக்குக் கீழே எழுதினாள். ஸ்ரனிஸ்லசைப் பற்றி நான் சொன்னது பிழை, விசாரிக்காமல் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றிச் சொன்னது சரி, அதில் ஒரு சொல்லையும் நான் பின்வாங்கவில்லை. 'வாடி' வடக்கு மாகாண வெற்றியைத் திருப்பிக் கொடுக்கிறது. அர்ஷாக்கையும் பரமேஸ்வரனையும் கேட்டுத்தான் எழுதினாள். பரமேஸ்வரன் சரி என்றான். அர்ஷாக் கடையின் முன் கதவைப் படாரென்று சாத்தினான், பிறகு அவனும் சரி என்றான்.

பெரியம்மா அதோடு வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டா. சொந்த இரத்தத்தைச் சந்தியில் வைத்து வித்தவள் என்று கோயில் வாசலில் நின்று சொன்னாவாம். புனிதமலர் தன் அக்காவின் உறவு அறுந்த துக்கத்தில் மகளோடு சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவா. றஞ்சனி அதையும் தாங்கினாள். வேலைக்குப் போனாள், வந்தாள். சால்வைக்குள் கையை வைப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் கம்பனி அசைந்தது. ஸாஜிதா உள்ளே சண்டை பிடித்தாளா, படம் பரவியதால் அவர்களுக்குப் பயம் வந்ததா, தெரியாது. வெளிநாட்டில் இருக்கும் மேலதிகாரி ஒருவர் வீடியோ அழைப்பில் வந்தார்; ஸாஜிதா தமிழில் சொன்னாள். உங்கள் கணக்கைத் திறந்துவிடுகிறோம். இனிமேல் மெஷின் உங்களைப் பார்க்காதபடி விலக்கு அடையாளம் ஒன்று போடுகிறோம். உங்களைப் பற்றி ஒரு சின்னப் படமும் எடுக்க ஆசைப்படுகிறோம். உலகத்துக்கே ஊக்கமாக இருக்கும். மனிதர் நல்லவர்போலத்தான் தெரிந்தார். சிரித்துக்கொண்டே இருந்தார்.

கடையில் அர்ஷாக்கும் கலந்தரும் நின்றார்கள். கலந்தர் மெல்லத் தலையசைத்து, ஓம் சொல்லு பிள்ளை என்று சைகை காட்டினார். றஞ்சனி திரையைப் பார்த்தாள்.

"விலக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ மிஸ். என்னை மெஷின் பாக்காட்டி, நாளைக்கு நான் அளாப்பினாலும் தெரியாது. என்னட்டத் தோற்கிறவை ஒவ்வொருத்தரும் அதைத்தான் சொல்லுவினம். மற்றவையைப் பாக்கிற மாதிரி என்னையும் பாக்கட்டும். பாக்க முதல் படிக்கட்டும்."

ஸாஜிதா மொழிபெயர்த்தாள். மேலதிகாரியின் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. ஒரு கையை மட்டும் காட்டி மெஷினைப் பழக்க முடியாது, பல கைகள் வேண்டும், அவற்றை எங்கே போய்த் தேடுவது என்றார்.

இதைக் கேட்டதும் கலந்தர்தான் முதலில் சிரித்தார். வன்னிச் சனத்திடம் இப்படியொரு கேள்வி கேட்கிறவரை அவர் அதற்கு முன் கண்டதில்லை. றஞ்சனி சிரிக்கவில்லை. "நான் கொண்டுவாறன்," என்றாள். பிறகு தன் நிபந்தனைகளைச் சொன்னாள். வருகிறவர்களின் முகம் எங்கேயும் வரக்கூடாது. பெயர் வெளியில் போகக்கூடாது. ஊக்கம், உருக்கம் என்று படம் எடுக்கக்கூடாது. மெஷின் படித்து முடித்ததும், அவர்கள் எல்லாரும் மற்றவர்களைப்போலச் சாதாரண விளையாட்டுக்காரர்கள். சம்மதம் என்றால் வாருங்கள், இல்லாவிட்டால் பூட்டு அப்படியே கிடக்கட்டும் என்றாள்.

மேலதிகாரி யோசித்துச் சொல்வதாகப் போனார். சரியென்ற பதில் வர மழைக்காலம் தொடங்கிவிட்டது. அகில இலங்கைப் போட்டி அவளில்லாமல் முடிந்து, வேறு யாரோ கோப்பையைத் தூக்கியிருந்தார்கள்.

கிளிநொச்சியில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிற ஒருவரின் மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அர்ஷாக் பிடித்துக்கொடுத்தான். யாராவது வருவார்களா என்ற பயம் றஞ்சனிக்கு இருந்தது. பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எண்ணெய் சுட்டு விரல்கள் மடங்கிப்போன ஒரு பெண் விரல் மூட்டுகளால் விளையாடினாள். பிறவியிலேயே ஒரு கை குட்டையான பெடியன், நெல் அறுக்கிற மெஷினில் விரலைக் கொடுத்தவர், ஒரு கை முழுதாக இல்லாதவர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தங்களைப்போல இன்னொருவர் விளையாடுகிறார் என்று அவர்களில் அநேகருக்குத் தெரியாது. பாதிப் பேருக்குக் கணக்குப் பூட்டுப்பட்டிருந்தது. என்னவோ பிழை விட்டோமாக்கும் என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஏரம்பு என்றொருவர். நாற்பதைத் தாண்டிய ஆள், விசுவமடுவில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. போனைத் தொடைக்கு நடுவில் இடுக்கி, நடப்பதற்கு முழங்கை முனையும் சுடுவதற்கு இடது கையுமாக விளையாடினார். பேச்சு வேறு ஓயாது. பழகும் ஆட்டத்தில் இரண்டு தடவை றஞ்சனியைச் சுட்டு விழுத்திவிட்டு, "குறை நினையாதையும் தங்கச்சி, கோழிக்குத் தீன் வைக்கிற நேரமாச்சு, கெதியா முடிக்க வேணும்," என்றார். மண்டபமே சிரித்தது. றஞ்சனியும் வாய்விட்டுச் சிரித்தாள். பூட்டு விழுந்த நாளுக்குப் பிறகு அப்போதுதான். ஸாஜிதா மூலையில் இருந்து தொடுகைகளைப் பதிந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைக்கப் போனவள், றஞ்சனி பார்ப்பதைக் கண்டு கையை இறக்கிக்கொண்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தப் பதிவுகள் போதாமல், வேறு நாடுகளிலும் கைகளைத் தேடினார்கள். திருத்திய மெஷின் முதலில் றஞ்சனியை விட்டுவிட்டது, ஆனால் உண்மையான கள்ளர் சிலரையும் சேர்த்து விட்டது. அதை இறுக்கியபோது ஏரம்பு மாட்டினார். ஒவ்வொரு தடவையும் ஸாஜிதா அழைத்துச் சொல்லுவாள், றஞ்சனி சளைக்காமல் அடுத்து என்ன வேண்டும் என்று கேட்பாள். மிஸ் என்பது எப்போதோ அக்காவாகிவிட்டது. மெஷின் ஐயப்பட்டாலும் ஒரு மனிதர் பார்க்காமல் யாரையும் நிரந்தரமாகப் பூட்டக்கூடாது என்பதை மட்டும் அவள் கடைசிவரை விடவில்லை. அது விதியாகவே வந்தது. கணக்குத் திறந்தது. மன்னிப்பு என்ற சொல் எந்தச் செய்தியிலும் வரவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் 'வாடி' மாகாணச் சுற்றைத் திரும்ப வென்றது. ஸ்ரனிஸ்லசின் இடத்தில் ஏரம்பு. அதற்கு அடுத்த சுற்றும் வென்று கொழும்புக்குப் போனார்கள். பெரிய மண்டபம், குளிரூட்டி, மேடையில் வெளிச்சம். ஆட்டத்துக்கு முன் எதிர்க்குழு ஒன்று நடுவரிடம் முறைப்பாடு செய்தது: ஒரே குழுவில் இரண்டு பேர் வித்தியாசமாக விளையாடுகிறார்கள், பரிசோதிக்க வேண்டும் என்று. நடுவர் சங்கடப்பட்டுக்கொண்டு வந்தார். றஞ்சனி இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தாள்.

"வடிவாப் பாருங்கோ. வேணுமெண்டா ஆட்டம் முடியுமட்டும் கமராவை இதில வையுங்கோ. அவைக்கும் வையுங்கோ."

அவர்களுக்கும் வைத்தார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொரு குழுவாக மேடைக்கு அழைத்தபோது, 'வாடி'யின் முறை வந்ததும் குரலைத் தாழ்த்தி, விதியை வென்ற வீரமங்கை என்று தொடங்கினார். றஞ்சனி அவரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினாள். நான் இந்தச் சுற்றில் எத்தனை பேரை விழுத்தினேன் என்பதைச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் அதைத்தானே சொன்னீர்கள் என்றாள். முதலில் கை தட்டியது அந்த எதிர்க்குழுவின் பெடியன் ஒருவன். அறிவிப்பாளர் திரையைப் பார்த்துக் கணக்கைச் சொன்னார். அது அன்று மண்டபத்தில் இருந்தவர்களில் இரண்டாவது பெரிய கணக்கு.

கோப்பை கிடைக்கவில்லை. நான்காவதாக வந்தார்கள். கடைசி ஆட்டத்தில் ஏரம்பு கதைத்துக்கொண்டே போய்ப் பொறியில் விழுந்தார், அவரைக் காப்பாற்றப் போன அர்ஷாக்கும் விழுந்தான். பஸ்ஸில் திரும்பும்போது அவர்கள் இருவரும் அதைப் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டே வந்தார்கள். புனிதமலர் போனில், பெரியம்மா வீட்டில் எல்லாரும் ஆட்டத்தைப் பார்த்தார்களாம், ஸ்ரனிதான் போட்டுக் காட்டினானாம் என்று ஒரு செய்திபோலச் சொன்னா. அவனுடைய பூட்டு இன்னும் திறக்கவில்லை. றஞ்சனி அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கவும் மாட்டாள். கடற்கரையில் கண்டால் மீன் பட்டதா என்று கேட்பாள், அவனும் பதில் சொல்லுவான், அந்தளவுக்கு வந்திருக்கிறது.

காலையில் பஸ் புதுக்குடியிருப்பைத் தாண்டும்போது ஸாஜிதாவின் குரற்செய்தி வந்தது. தனக்கும் கையில் ஊனம், அதனால்தான் மெஷின் பிழையாகப் பிடித்தது என்று ஒருவன் முறையிட்டிருக்கிறானாம். உங்கள் கிளிநொச்சிப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஆட்களையும் வைத்துப் பார்த்தோம். அவன் சொல்வது பொய், போனில் கருவிதான் பூட்டியிருக்கிறான். மேலிடத்தில் சிலர், பிரச்சினை வரும், அவனைப் பூட்டாமல் விட்டுவிடுவோம் என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஸாஜிதா கேட்டாள்.

றஞ்சனி போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"விடாதேங்கோ அக்கா," என்றாள்.